பூட்டிய ஜெப வீடும் வராத மசூதியும்

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறியதும், மடியில் பைபிள் வைத்திருந்த வெள்ளைப் புடவைக்காரம்மா கூட வந்தவளிடம் சொன்னதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

"நம்ம தெருவுல மசூதி வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் கவுன்சிலரு போட்ட கூட்டத்துக்குப் போனேன். கடைசில, கட்டட்டும்னு சொல்ட்டு வந்துகீறேன்."

"இன்னாக்கா ஆச்சு உனுக்கு?"

"'தெருவுல நெறைய பேரு வேணாம்னா வேணாம்தான்'னு கவுன்சிலரு சொன்னாரு. அல்லாரும் கை தட்டுனாங்கோ. அப்பத்தான் எனுக்கு ஒறச்சுது. நம்ம ஜெப வூட்டையும் இதையே சொல்லித்தானடி பூட்ட வெச்சாங்கோ?"

"அதுக்கு நீ இன்னா பண்ணே?"

"எந்திரிச்சி நின்னேன். 'எனுக்கு ஏசு ஒருத்தருதான் தெய்வம், அதுல மாத்தமே இல்ல. ஆனா அவங்கோ தொழக்கூடாதுன்னு சொல்ல எனுக்கு வாய் வரல. தலைவருன்னா கை தட்டறவங்கள மட்டும் பாத்துப் பேசலாமா, நைனா?'ன்னு கேட்டேன்."

"கோச்சிக்கினாரா?"

"இல்லடி. பாய்ங்களையும் நம்ம பாஸ்டரையும் ஒண்ணா கூப்ட்டுப் பேசறேன்னாரு."

"நம்ம ஜெப வூட்டைத் தொறப்பாங்களாக்கா?"

"தொறப்பாங்கோ. அதுக்கும் வந்து பேசறேன்னு கூட்டத்துக்கு வந்த ஒரு பாய் வாசல்லயே சொல்ட்டாரு. மொத ஆராதனைக்கு அவரைக் குடும்பத்தோட வரச் சொல்லிக்கீறேன்."