பூவரசில் கட்டிய கயிறு

“உம்மடை அண்ணையிட்டை ஒரு சொல்லுச் சொல்லுமன், பத்மா.”

“என்னெண்டு?”

“என்னைத் துலாவிலை ஏத்த வேண்டாமெண்டு. நீர் சொன்னால் அவர் கேப்பார்.”

“ஓம், சொல்லுறன். முதல் சாப்பிடுங்கோ, ஆறுது.”

அன்றைக்கு முருங்கைக்காய்க் குழம்பு நன்றாக வாய்த்திருந்தது. இவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விதானையார், நீங்கள் அண்ணையை விசாரிக்க முன்னர் இதைக் கேட்க வேண்டும் என்றுதான் உள்ளே கூப்பிட்டேன்.

என் கணவர் தியாகலிங்கம் கொழும்பில் கந்தோரில் வேலை செய்தவர். இந்த ஆனியில், கலவரத்துக்குத் தப்பி, அகதிக் கப்பலில் ஒரு பெட்டியோடு காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அதன் பிறகு படலை அடிபட்டாலும் எழும்பி நிற்பார். கிணற்றடியில் பெண்கள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். என்னை யாரும் இரக்கத்தோடு பார்த்துப் பழக்கமில்லை.

எங்கள் வாழைத்தோட்டத்துக்குக் கிணற்றுத் துலா மிதித்துத்தான் தண்ணீர் இறைப்பது. ஒருவர் மேலே துலாவில் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றில் பட்டை இறங்கி ஏறும். கீழே நிற்பவர் அதைப் பிடித்துக் கவிழ்ப்பார். மேலே நடக்கிறவர் பிடித்துக்கொள்ள, துலாவைத் தாங்கும் மரத்திலிருந்து பக்கத்துப் பூவரசுக்கு ஒரு கயிறு கட்டியிருக்கும். இராசநாயகம் அண்ணை இவரை அதில் ஏற்றினார்.

“கப்பல் மாப்பிள்ளை, ஏறும். உது கப்பலை விடக் கொஞ்சம்தான் ஆடும்.”

“மெல்லமா, மச்சான்.”

“அங்கை பாரும், காடையர் வாறாங்கள், ஓடும்,” என்று பட்டையை வெட்டி இழுப்பார். துலா அதிரும். கூலிக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். இவரும் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி சிரிக்கப் பார்ப்பார். ஊரில் இதைப் பகிடி என்பார்கள்.

எனக்கு ஏழு வயதில் அண்ணை இதே கிணற்றுக்குள் என்னைத் தள்ளிவிட்டார். தண்ணீரைக் குடித்துக் குடித்து நீந்தினேன். அதன்பின் நான் எதற்கும் பயந்ததில்லை, அழுததுமில்லை. இன்றைக்கும் அழவில்லை, நீங்களே பார்க்கிறீர்கள். ஒருவரை ஆளாக்குவது அப்படித்தான். ஆகவே அண்ணையிடம் போனேன். சொன்னது மட்டும் வேறு.

“விடாதேங்கோ அண்ணை. நல்லாப் பகிடி பண்ணுங்கோ. அப்பதான் அவர் மனுசனாவார்.”

இவர் பிறகும் கேட்டார். “சொன்னனீரோ?”

“சொன்னனான். அண்ணை கேக்கிறாரில்லை.”

ஆவணி பிறந்ததும் அண்ணைக்கு மனம் மாறிவிட்டது. “பாவம் தங்கச்சி, அந்தாள். இனி என்னாலை ஏலாது,” என்றார். அதோடு நின்றிருக்கலாம். நேற்றுப் பின்னேரம் இரண்டு பேரும் வாழைக்குள் இருந்து நெடுநேரம் கதைத்தார்கள். விடாமல் பகிடி பண்ணச் சொன்னதே நான்தான் என்பதையும் அண்ணை இவரிடம் சொல்லிவிட்டார். கூடப் பிறந்தவர் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இவர் உள்ளே வந்து சத்தம் போடவில்லை. பெட்டியை எடுத்துச் சேட்டுகளை மடித்து வைத்தார்.

“கொழும்பிலை கதவுக்கு வெளியிலை நிண்டவங்களை எனக்குத் தெரியாது, பத்மா. அதாலை தாங்கினனான்.”

பெட்டியைப் பூட்டினார்.

“விடியத் துலாவிலை நானா ஒருக்கா ஏறுவன். ஆரும் ஏத்தத் தேவையில்லை. பிறகு பஸ் எடுத்து அம்மாவிட்டைப் போறன்.”

தானாக ஏறுவேன் என்றார், கேட்டீர்களா? நான் பட்ட பாடு பலித்துவிட்டது. அந்த நேரத்தில்தான் என்னை விட்டுப் போகிறேன் என்கிறார். ஆளாக்கினவளுக்கு அதுதான் கைம்மாறு.

இனி அந்தக் கயிறு ஒன்றுதான் மிச்சம் என்று எனக்குப் பட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது துணிவாகாது. விடியத் தண்ணீர் அள்ளப் போனபோது, பூவரசில் இருந்த முடிச்சை அவிழ்த்து, கட்டியது போலச் சும்மா சுற்றிவிட்டேன். பிறகு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏறாமல் நேரே பஸ்ஸுக்குப் போயிருப்பார்.

அண்ணை கீழே பட்டையோடு நின்றார். பகிடி ஒன்றும் பண்ணவில்லை. “மெல்ல, மச்சான்,” என்றார். இவர் நடுவில் கையை விட்டு ஒருமுறை நிமிர்ந்து நின்றார். நன்றாகவே நின்றார். பெருமையாக இருந்தது. கிணற்றுப் பக்கம் திரும்பி நடக்கும்போது கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தார். அது கையோடு போய்விட்டது. கிணற்றுக்கட்டில் தலை அடிபட்டது.

அண்ணை காலையிலிருந்து, தான்தான் கொன்றதாகத் தலையில் அடித்துக்கொள்கிறார். அவர் கயிற்றைத் தொடவேயில்லை. அவரைக் கொண்டுபோக வேண்டாம். என் முகத்தைப் பார்க்கிறார் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னையும் பிழையாக எழுதாதீர்கள். நான் சொல்லுத் தவறுகிறவள் அல்ல. நீங்கள் வருமுன், இவரைக் கிடத்தியிருக்கும் இடத்தில், தலைமாட்டில் நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன்:

“அண்ணை, இவரை இனித் துலாவிலை ஏத்தாதேங்கோ.”