நாப்பத்தி ஒண்ணாவது முதுகு

அந்த நாற்காலி வேண்டாம் டாக்டரம்மா, ஒரு கால் கிடையாது, செங்கல்தான் முட்டுக் கொடுத்திருக்கேன். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. பொம்மையைத் தள்ளிவிடுங்க, அது ஒண்ணும் சொல்லாது. பாப்பாவா? பக்கத்து வீட்டுல விட்டிருக்கேன். இன்னிக்கு விட வேண்டிய நாள்.

இதுதான் நீங்க எழுதின கட்டுரையா? நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல எட்டாவதோட நின்னவ, இதுல நம்பர் மட்டும்தான் புரியுது. அறுபது பேரோட முதுகு. அம்பத்தொம்பது பேருக்கு வலி இறங்கிடுச்சு. இந்தப் புள்ளி மட்டும் உச்சியில தனியா நிக்குதே, இது எங்க வீட்டுக்காரரா? நாப்பத்தி ஒண்ணாம் நம்பர். அவரு எங்க போனாலும் இப்படித்தான், எடுப்பாத் தெரிவாரு.

உள்ள படுத்திருக்காரு. டிவி ஓடுது, நாம பேசறது கேக்காது. ஆனாலும் கொஞ்சம் மெதுவாவே பேசுவோம்.

நாளைக்கே ஊசியா? நேரா முதுகுலயேவா? போட்டா எத்தனை நாள்ல எழுந்து நடப்பாரு? அன்னிக்கு சாயங்காலமேவா. குனியலாம், நிமிரலாம், கையை ஓங்கலாம். எல்லாமே முடியும்னு சொல்றீங்க. சரி சரி, கையெழுத்து எங்க ஓடிப்போகுது, முதல்ல தண்ணி குடிங்க.

ஐயோ, உங்க ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல. ஆறு ஸ்குரூவும் வச்ச இடத்துலயே இருக்கறதைப் படத்துல நானே பாத்தேனே. ஃபாரத்துலதான் ஒரு தப்பு. மாடிப்படியில வழுக்கி விழுந்தார்னு போட்டிருக்கு. வழுக்கல. என்னை எட்டி உதைச்சாரு, நான் சுவரோட ஒட்டிக்கிட்டேன், காலுக்கு ஆள் சிக்கல. பதினாலு படி. ஒவ்வொரு படியா முதுகு மோதற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கீழ போய்க் கிடந்தப்பவும் வாய் ஓயல, என்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தாரு.

வீட்டுக்கு வந்து பத்து நாள், சொன்னது சொன்னபடி மாத்திரை கொடுத்தேன். பத்தாம் நாள் எதையும் பிடிக்காம எழுந்து நின்னாரு. நான் கைதட்டினேன், பாப்பாவும் தட்டுச்சு. மறுநாள் டீ ஆறிப்போச்சுன்னு அந்த நாற்காலியைத் தூக்கினாரு. என் மணிக்கட்டுல இந்த எலும்பு கோணலா இருக்கு பாருங்க. நாற்காலிக் கால் முதல்ல ஒடிஞ்சுதா, இது முதல்ல ஒடிஞ்சுதான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அப்புறம் முடியைப் பிடிச்சு அடுப்பு மேடையில நெத்தியை மோதினாரு. மூணு தடவை. ரத்தம் கண்ணுக்குள்ள இறங்குது, நான் என்னடான்னா மேடையைத் துடைக்கணுமேன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். பாப்பா ஓடிவந்து அவரு காலைக் கட்டிக்கிச்சு. நாலு வயசு. ஒத்தக் கையால தூக்கிக் கதவுமேல எறிஞ்சாரு. முன்பல்லு ரெண்டும் போச்சு. பால்பல்லுதான், முளைச்சுடும்.

அதுக்கு மறுநாள்லேர்ந்துதான் அவருக்கு வலி திரும்பி வந்துச்சு.

இல்லங்க, நீங்க கொடுத்த வலி நோட்டுல நான் பொய் எழுதினதே இல்ல. தினம் காலையில பத்துக்கு எத்தனைன்னு கேப்பேன், அவரு சொல்றதைத்தான் எழுதுவேன். ஒன்பதுன்னா எனக்கு நிம்மதி, வேலையைப் பாப்பேன். ஏழுன்னு சொல்ற நாள்ல மட்டும் பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டுடுவேன். இன்னிக்கு ஏழு.

மாத்திரையா? உங்க நர்ஸ் பொண்ணும் மாசாமாசம் இதேதான் கேக்கும். வெறும் அட்டையைக் கொண்டுவாக்கா, எண்ணணும்னு சொல்லுச்சு, கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு அட்டை குறையாது. அட்டையைத்தானே எண்ணினீங்க.

இந்தப் பால்பவுடர் டப்பாவைத் திறந்து பாருங்க. எல்லாம் உங்களதுதான், ஈரம் படாம அரிசி போட்டு வச்சிருக்கேன். அவருக்குப் போறது, எலும்பு கூடறதுக்குன்னு எனக்கு எழுதிக்கொடுத்த சத்து மாத்திரை. அதே வெள்ளை, அதே அளவு. எலும்புக்கு நல்லதுதானே.

கையெழுத்துப் போட மாட்டேன் டாக்டரம்மா. கோவிச்சுக்காதீங்க. உங்களைத் தலைகுனிய வைக்கணும்னு நான் நெனக்கல, அந்தப் புள்ளியை நீங்க எடுத்துடுங்க. வேணும்னா மாத்திரையை எண்ணிக்கோங்க, அந்தப் பத்து நாள் போக ஒண்ணே ஒண்ணுதான் குறையும். கை ஒடிஞ்ச அன்னிக்கு நான் போட்டுக்கிட்டேன். அரை மணி நேரத்துல வலி போன இடம் தெரியல. நல்ல மாத்திரை. அதை வேணா எழுதுங்க.

கூப்பிடறாரு. டப்பாவை மூடிடுங்க.

இதோ வரேங்க. உங்களுக்குத்தான் மாத்திரை எடுத்துக்கிட்டிருக்கேன்.