நிரம்பிய படகும் பச்சைப் பொட்டலமும்

அவைக்குத் தலைமை ஏற்று, பேசவே பயப்படுகிற ஒருத்தியையும் துணிந்து மேடையேற்றிவிட்ட லாய் ஷுஹுவா அம்மையார் அவர்களே! கௌஷியுங் துறைமுக நகரின் கணினிகளைக் கண்ணுறங்காமல் காத்துக் கண் சிவந்த மூத்தோர்களே! பிள்ளைகள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று புரியாமலேயே அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பும் தாய்மார்களே! விசைப்பலகையில் மட்டும் சத்தம் போட்டுப் பேசத் தெரிந்த என் தோழர்களே, தோழியரே! காலைச் சிற்றுண்டிக் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, முட்டை அடை வாசத்தோடு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் என் அம்மாவே! உங்கள் அனைவருக்கும் இந்த ஃபாங் சின்லானின் நடுங்கும் வணக்கம்.

சத்தம் கேட்கவில்லையா? இதுதான் என் குரல், ஐயா. இதற்கு மேல் ஏறாது. ஒலிபெருக்கியை வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அதனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி. "நீ என்னதாண்டி பண்ற?" எத்தனை விதமாகச் சொல்லியும் அவளுக்குப் பிடிபடவில்லை. சென்ற கோடையில் எங்கள் அலுவலகத்தில் சர்வீஸ் மெஷ் அமைக்க ஆரம்பித்தோம். அன்று மாவு கரைத்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டாள். நான் சொன்னேன்.

"அம்மா, எங்க கம்பெனி பெங்ஹு தீவுக்குப் போற படகுக்குச் சீட்டு விக்குது. அது ஒரு பெரிய புரோகிராம் இல்ல. நிறைய குட்டி வீடு. ஒரு வீடு சீட்டு விக்கும், ஒரு வீடு இடம் தேடும், ஒரு வீடு படகுக் கணக்கு பாக்கும். ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும். இப்ப நாங்க ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு வாட்ச்மேனை உக்கார வைக்கிறோம். இனிமே யாரு யார்கிட்ட பேசினாலும் அவங்க வழியாத்தான் பேசணும்."

அம்மா கரண்டியை நிறுத்தினாள். "எல்லா வீட்டுக்கும் ஒரு வாட்ச்மேனா? சம்பளம் யாரு குடுப்பா?"

சிரிக்காதீர்கள்! நாங்கள் மாதக்கணக்கில் கூட்டம் போட்டு விவாதித்த கேள்வி அது. ஒவ்வொரு காவலரும் கொஞ்சம் நினைவகம் தின்கிறார், கொஞ்சம் நேரம் தின்கிறார். அந்தச் செலவு தகுமா என்று எங்கள் மேலாளர் காவ் அவர்கள் கேட்டபோது, தகும் என்று எழுந்து நின்று சொன்னவர் ஒருவர். அவர் பெயர் ஹுங் ஜென்ஹை. அண்ணன் இதோ மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள் அண்ணே, எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஜென்ஹை அண்ணன் பெங்ஹுவில் பிறந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு நிலா விழாவில் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் சீட்டுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. விழாவுக்கு வாங்கிய பம்பளிமாஸ் பழமும் கறி சுடும் கரியும் கையுமாக, ஊருக்குப் போகச் சீட்டுக் கிடைக்காத தீவுக்காரர்கள் துறையில் நின்றார்கள். அவர்கள் கண் முன்னால் படகு கிளம்பியது. எப்படிக் கிளம்பியது? காலி இருக்கைகளோடு கிளம்பியது! ஏறுவதற்கு ஆள் இருந்தது, அமர்வதற்கு இடம் இருந்தது, ஆனால் இடமில்லை என்று கணினி சொன்னது. பல பயணிகளுக்கு ஆளுக்கு இரண்டு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. யார் இரண்டு முறை கேட்டது? எந்த வீடு? எவருக்கும் தெரியவில்லை. வீடுகளுக்கு நடுவே நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்க அன்று எங்களிடம் ஆள் இல்லை.

தீவு சிறியது. ஜென்ஹை எங்கே வேலை பார்க்கிறார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போனவரை மீன்கடையில் நிறுத்தி ஒரு பெரியவர் கேட்டாராம்: "ஏன்டா தம்பி, நாங்க என்ன காத்தையா அனுப்பச் சொன்னோம் படகுல?" அதன்பிறகு அண்ணன் ஊருக்குப் போகவில்லை. அம்மா கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பார். இந்த வருடம் படகு நிரம்பிப் போனால்தான் ஊருக்குள் தலைகாட்டுவேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டார்.

அன்பானவர்களே! மெஷ் நிறுவுவது கடினமா? நிறுவுவது எளிது. ஒரு கட்டளை அடித்தால் எங்கள் கணினிக் கூட்டமான கிளஸ்டரின் நடுவே தலைமைக் காவலர் வந்து அமர்ந்துவிடுவார். கன்டெய்னர்கள், அதாவது அந்தக் குட்டி வீடுகள், இருக்கும் வளாகத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டினால், அங்கே புதிதாக எழும் ஒவ்வொரு வீட்டுக்கும் வாசற்காவலர் தானாக வருவார். கவனியுங்கள், புதிதாக எழும் வீட்டுக்கு! ஏற்கெனவே நிற்கும் வீட்டுக்கு வரமாட்டார். அதை இறக்கி, மறுபடி எழுப்ப வேண்டும். ஆகவே அவரவர் வீட்டை அவரவர் இறக்கி எழுப்புவது என்று முடிவானது. அதோடு இன்னொரு முடிவு: பதில் தாமதமானால் மறுபடி கேட்கும் பழைய பழக்கத்தை ஒவ்வொரு வீட்டின் உள்ளிருந்தும் எடுத்துவிடுவது. மறுபடி கேட்கலாமா கூடாதா என்பதை இனிமேல் வாசற்காவலருக்கு எழுதிக் கொடுப்போம். இடம் ஒதுக்கும் விஷயத்தில், கூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தோம்.

எல்லோரும் இறக்கினார்கள், எழுப்பினார்கள். ஒரு வீடு மட்டும் அப்படியே நின்றது.

அது கோ பெய்ரோங் அக்காவின் இருக்கை வீடு. பயணிக்கு இடம் தேடி, படகுக் கணக்கு வீட்டிடம் கேட்டு ஒதுக்கி வைப்பது அதன் வேலை. அது விழுந்ததே இல்லை. அது அழுததே இல்லை. அக்காவின் மேசையில், திரைக்குப் பக்கத்தில், பச்சை நிறத்தில் ஒரு சோளப்பொரிப் பொட்டலம் நிமிர்ந்து நிற்கும். அதோ, சிரிப்பு வந்துவிட்டது! உங்கள் மேசையிலும் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். நல்ல பிள்ளையாக இரு என்று இயந்திரத்துக்குச் சொல்லி வைக்கிற பொட்டலம். பச்சையாகத்தான் இருக்க வேண்டும். தேதி தாண்டக் கூடாது. யாரும் தின்னக் கூடாது. அது காக்கிற இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. சொன்னால் அதன் காதில் விழுந்துவிடும்!

அதனால்தான் யாரும் சொல்லவில்லை. அக்காவின் வீடு, அவரே எழுப்பிவிடுவார் என்று ஜென்ஹை அண்ணன் நினைத்தார். மெஷ் வேலை அண்ணன் பொறுப்பு, அவரே எழுப்பிவிடுவார் என்று அக்கா நினைத்தார். இருவரும் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார்கள். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

விழா முன்பதிவு காலை பத்து மணிக்கு. முந்தின நாள் மாலை காவலர்களின் விதியை இறுக்கினோம். அதுவரை, அடையாள அட்டை இருந்தால் காட்டு, இல்லாவிட்டாலும் வா என்று இருந்தது. அட்டை இல்லையா, வராதே என்று மாற்றினோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு சோதனைச் சீட்டு எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படகிலும் இடம் பூஜ்யம்.

"அண்ணே," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. "அண்ணே! ஒரு எடமும் இல்லைங்குது!"

அறையே என் திரைக்கு ஓடி வந்தது. மெஷ் வரைந்து காட்டும் படத்தில் எல்லா வீடுகளுக்கும் நடுவே கோடு, கோட்டின் மேல் பூட்டு. இருக்கை வீட்டுக்கு மட்டும் பூட்டில்லை. படகுக் கணக்கு வீட்டு வாசலில் அதை மறித்து நிறுத்தியிருந்தார் காவலர்.

"அக்கா, உங்க வீட்டை எழுப்பலையா?" என்று கேட்டார் ஜென்ஹை அண்ணன்.

"நீ எழுப்பிட்டேன்னு நினைச்சேன்டா."

"நான் எதுக்கு அதைத் தொடுறேன்? பச்சைப் பொட்டலம் வேற நிக்குது!"

மேலாளர் காவ் துண்டால் நெற்றியைத் துடைத்தார். "விதியைத் தளர்த்திடுங்கப்பா. விழா நாள்ல எதையும் இறக்கி ஏத்த வேண்டாம்."

"தளர்த்தினா ஓடும் சார். ஆனா உள்ள ஓடுறது பழசு," என்றார் அண்ணன். சொல்லிவிட்டுப் பாதியில் நின்றார். மறுபடி கேட்கும் பழக்கத்தை எடுத்துவிட்ட புதுப் பிரதி தயாராகக் காத்திருந்தது. ஏற்றப்படவில்லை. உள்ளே ஓடுவது அந்தப் பழைய வரிதான்.

அக்காவுக்கு முதலில் புரிந்தது. "அப்ப போன வருஷம் ரெண்டு தடவை கேட்டது..."

அக்கா தன் மேசைக்கு நடந்தார்.

"அந்த வரியை நான்தான் எழுதினேன். படகுக் கணக்கு அப்பெல்லாம் மெதுவாப் பதில் சொல்லும். பாவம், யாருக்கும் எடம் தவறிடக் கூடாதேன்னு, பதில் வரலன்னா இன்னொரு தடவை கேளுன்னு எழுதினேன்." அண்ணனைப் பார்த்தார். "உன்னை மீன்கடையில நிக்க வச்சது என் பிள்ளைதான்டா."

அப்போது அக்கா செய்ததை நான் எப்படிச் சொல்வேன்! அந்தப் பச்சைப் பொட்டலத்தை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்தார். கிழித்தார்! மேலாளர் "ஐயோ!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார். அக்கா ஒரு கை பொரி அள்ளி வாயில் போட்டு, கறுக் முறுக்கென்று மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு. சின்லான், கையை நீட்டு. சார், நீங்களும் எடுங்க. ஜென்ஹை, தின்னுடா. பயத்துல இதைத் தொடாம வச்சிருந்தேன், அதுக்குப் பேரு நல்ல பிள்ளையா?"

வாயில் பொரியோடு, விரலில் தேங்காய்ச்சுவைத் தூளோடு, அக்கா தன் வீட்டைத் தானே இறக்கினார். திரையில் அது மறைந்தது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. புதிதாக எழுந்தது. வாசலில் காவலர். கையில் அட்டை. கோடு வந்தது. கோட்டின் மேல் பூட்டு வந்தது. படகுகளில் இடங்கள் வந்தன!

பத்து மணிக்கு முன்பதிவின் கதவு திறந்தது. திரண்டு வந்தார்கள் தீவின் மக்கள். ஒரு கேள்வி, ஒரு பதில். ஒரு பயணி, ஓர் இடம். கோடுகள் தடித்தன, துடித்தன, ஒன்றுகூட அறுபடவில்லை. இருக்கை வீட்டுக்குள் எத்தனை கேள்வி நுழைந்ததோ, அத்தனைதான் வெளியே வந்தது. அக்கா அந்த எண்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மதியச் சோற்றுப் பெட்டிகள் வந்து ஆறிப் போயின.

அவையோரே! நாம் அன்போடு எழுதிய ஒரு வரி, யார் கண்ணிலும் படாமல் கிடந்தால் என்ன ஆகும்? ஊரையே துறையில் நிறுத்தும். நாம் மதித்துத் தொடாமல் வைத்த ஒன்று, யார் கையும் படாமல் கிடந்தால் என்ன ஆகும்? தனித்து நிற்கும். காவலர் வந்தாலும் அதன் வாசலுக்கு வரமாட்டார். மெஷ் நமக்குக் கண் கொடுக்கிறது, காது கொடுக்கிறது. வாயை யார் கொடுப்பது? "உன் வீட்டை எழுப்பினாயா?" என்று பக்கத்து மேசையில் கேட்க எந்த மெஷ் வரும்? கேளுங்கள் தோழர்களே! மெல்லிய குரலில் கேட்டாலும் போதும். இந்தக் குரலே ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

ஜென்ஹை அண்ணன் ஊருக்குப் போனாரா என்று முன் வரிசையில் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

விழாவுக்கு முந்தின நாள் நாங்கள் மூவரும் துறைக்குப் போனோம். அண்ணன் பையோடு வந்திருந்தார். படகு நிரம்பிக்கொண்டே வந்தது. ஏறவேண்டிய நேரத்தில் அக்கா கேட்டார், "சீட்டு எங்கடா?" அண்ணன் விழித்தார். முன்பதிவு நாள் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், தனக்கென்று ஒரு சீட்டு எடுக்க மறந்துபோயிருந்தார். ஓடிப் போய்க் கேட்டார். ஓர் இடம்கூட இல்லை. இந்த முறை உண்மையாகவே இல்லை.

கயிறு அவிழ்ந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் முகம். காலியாக ஓர் இருக்கை தெரிகிறதா என்று அண்ணன் கரையோரமாகப் படகு கூடவே நடந்து நடந்து பார்த்தார். தெரியவில்லை. அப்போது அவர் அம்மா கைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"கிளம்பிட்டியாடா?"

"இல்லம்மா. எடம் கெடைக்கல."

"என்னடா இது, நீதானடா சீட்டு விக்கிற கம்பெனில இருக்க?"

"ஆமாம்மா," என்றார் அண்ணன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "படகு ரொம்பிடுச்சும்மா. ஒரு எடம்கூட காலி இல்ல. அந்த மீன்கடைப் பெரியவர்கிட்டச் சொல்லு."

விழா முடிந்து, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைப் படகில் அவர் ஊருக்குப் போனார். தலை நிமிர்ந்துதான் போனார். திரும்பும்போது கருப்பட்டி கேக் வாங்கி வந்தார். அதன் மேல் ஒரு தனிப் பொதி, மீன்கடைப் பெரியவர் கொடுத்தனுப்பிய கருவாடு, பெய்ரோங் அக்காவுக்கு.

அக்காவின் மேசையில் இப்போது புதிய பச்சைப் பொட்டலம் நிற்கிறது. தேதி பார்த்து வாங்கியதுதான். ஒவ்வொரு முறை வீட்டை இறக்கி எழுப்பும்போதும் அதைக் கிழித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, வேறொன்று வாங்கி வைக்கிறார். எங்கள் அறையில் எல்லோருக்கும் கொஞ்சம் எடை கூடிவிட்டது.

நடுங்கிய குரலைப் பொறுத்துக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், சிரித்துத் துணை நின்ற உங்களுக்கும், சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்ட என் அம்மாவுக்கும் நன்றி. அம்மா, இதுதான் நான் செய்யும் வேலை. நாளை காலை கடையில் பார்ப்போம். வணக்கம்.