ஈரத்துக்கு அஞ்சியவரின் படகு

கடலில்லாச் சிவகாசியில் பாய்மரப் படகைப் பற்றிய பேச்சு அரிதாதலின் இதனைப் பதிகிறேன். திருத்தங்கல் பேருந்தில், பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரும், தூத்துக்குடிக் கரையில் பிறந்த அவர் மனைவியும் என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர். மனைவியின் ஊருக்கே குடிபெயர்ந்து படகு வாங்கவிருந்தனர். புதியதா, பழையதா என்பதே வழக்கு.

"புதுசே வாங்குவோம். பழசு நமுத்துப் போயிருக்கும்."

"படகென்ன மத்தாப்பா, நமுத்துப் போக? தண்ணியில ஊறுனாத்தான் பலகை இறுகும். எங்கப்பா படகு கரையில காஞ்சாத்தான் ஒழுகும். பாய் விரிச்சதும் அப்பா பாட ஆரம்பிச்சிருவாக."

கணவர் சன்னலுக்கு வெளியே காய்ந்த காட்டை நோக்கினார்.

"நாப்பது வருசமா ஈரத்துக்குப் பயந்தே பொழைச்சுட்டேன். பழசே வாங்குவோம், புள்ள. எனக்கு நீச்சல் தெரியாது."

"நான் இருக்கேம்லா."

படகு பற்றிய செய்தியில் பிழையிருப்பின் கடலோர அன்பர்கள் திருத்தியருள்க.