தண்ணீருக்குத் தடம் இல்லை

பிள்ளைகளுக்கு மைலோ கலக்கும்போது நான் அவசரப்படுவதே இல்லை. நன்றாக ஆற்றி, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். பத்தொன்பது வருடங்களாகச் சமூகநல அதிகாரியாக இருக்கிறேன், இன்ஸ்பெக்டர் சிவநேசன். பயந்த பிள்ளை வெறும் வயிற்றோடு பேசாது என்பது எனக்குத் தெரியும்.

செண்பகாவுக்கு ஆறு வயது. பீடோங்குக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில், தாயோடும் தாயின் இரண்டாவது கணவன் அழகேசனோடும் இருந்தாள். பாயை நனைத்துவிட்டால் அழகேசன் அவள் தலையைக் குளியலறைத் தொட்டியில் முக்குவான். அவளே சொன்னாள். தாயும் சொன்னாள், வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"எண்ணிக்கிட்டே முக்குவாருக்கா. போன வாரம் இருவது வரைக்கும் எண்ணுனாரு. ஆனா கோர்ட்ல வந்து சொல்லச் சொல்லாதீங்க லா. நான் எங்க போவேன்?"

மருத்துவர் பார்த்துவிட்டு உடம்பில் காயம் ஏதுமில்லை என்று எழுதினார். அவர்மேல் தப்பில்லை. தண்ணீர் என்ன தடம் விடும்?

அவளை வீட்டிலிருந்து கூட்டிவந்து, சட்டப்படி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தினேன். தாய் வாயே திறக்கவில்லை. மாஜிஸ்திரேட் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்க முடியாது என்றார். ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன் என்று அழகேசனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். மறுநாள் எங்கள் மேலதிகாரி ஜைனல் எல்லாரையும் கூப்பிட்டார். "காயம் இல்லாம இனிமே ஃபைல் தொறக்காதீங்க. கோர்ட்ல நிக்காது."

மூன்று வருடத்துக்கு முன் ஜித்ராவில் ஒரு பெண்குழந்தையை இப்படித்தான் திருப்பி அனுப்பினோம். பதினோராம் நாள் பிணவறையில் அவளை அடையாளம் காட்டியது நான்தான். செருப்பு வார் அறுந்திருந்தது. தைத்துத் தருவதாக அவளிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்த மாதம் விசாரிக்கப் போனபோது செண்பகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, முப்பது ரொம்பப் பெரிய நம்பரா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மருத்துவப் பரிசோதனை என்று தாயிடம் சொல்லிவிட்டு அவளைக் காரில் ஏற்றினேன். வழியில் என் வீட்டில் நிறுத்தினேன். மைலோ கலந்து ஆற வைத்தேன். கலக்கிய கரண்டியைக் கழுவித் துடைத்து அடுப்பில் காட்டினேன். அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சூடு போடுவது நம்மவர்களிடம் புதிதல்ல. கரண்டித் தடத்தை எந்த மருத்துவரும் பார்த்த உடனே புரிந்துகொள்வார். வழக்கம்போல் முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். தடம் சரியாக விழவில்லை. இன்னும் கொஞ்சம் சுட வைத்தேன்.

கையை நீட்டு என்றேன், நீட்டினாள். அப்பா செய்தார் என்று சொல்ல வேண்டும் என்றேன். அழுதுகொண்டே தலையாட்டினாள். நரம்பு ஓடும் இடத்தில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

இந்த முறை மாஜிஸ்திரேட் ஐந்தே நிமிடத்தில் உத்தரவு போட்டார். நாற்பது நாள் அவள் காப்பகத்தில் இருந்தாள். நாற்பது நாளும் யாரும் அவளை முக்கவில்லை. பிறகு அங்கே யாரோ கையைப் பிடித்துக் கேட்டபோது என் பெயரைச் சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளைதானே, எனக்குக் கோபமில்லை. ஆனால் அழகேசனின் வக்கீல் இப்போது தொட்டியும் பொய், எல்லாமே பொய் என்கிறார். திங்கட்கிழமை அவளை அவனிடமே திருப்பி அனுப்பப் போகிறார்கள்.

அதனால்தான் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சூடு போட்டது நான். தண்ணீரில் முக்கியது அவன். இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். என்னை எத்தனை வருடம் வேண்டுமானாலும் உள்ளே போடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவளை அந்தத் தொட்டிக்கு அனுப்பாதீர்கள். அவளுக்கு என்னைவிட்டால் யாருமில்லை. என்மேல் உயிரையே வைத்திருக்கிறாள்.

நேற்று அவளை இங்கே அழைத்துவந்தபோது உங்கள் பெண் போலீஸ் ஒருவர் மைலோ கலந்து கொடுத்தாராம். கரண்டியைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாளாம். சூடாக இருந்திருக்கும். நன்றாக ஆற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், குடிப்பாள்.