குமுளி இறக்கத்துப் பேச்சு

சுருளியாண்டி: ...அதான் சொல்றேன், அக்கா. காசுக் கவலையே இல்லைன்னு வச்சுக்கங்க. கஞ்சி தானா வீடு தேடி வந்துருது. அப்ப என்ன வேலைக்குப் போவீக?

பாண்டியம்மாள்: கஞ்சி தானா வந்துட்டா நான் எதுக்குய்யா வேலைக்குப் போறேன்? காலை நீட்டித் தூங்குவேன்.

சுருளியாண்டி: எத்தன நாளைக்குத் தூங்குவீக? நாலாம் நாளு முதுகு வலிக்கும். ஆசைப்பட்ட வேலைன்னு ஒண்ணு இருக்கும்ல?

பாண்டியம்மாள்: மொதல்ல நீ சொல்லு, கண்டக்டர் தம்பி.

சுருளியாண்டி: எனக்குத் தபால் ஆபீசுல முத்திரை குத்துற வேலை. டொக்கு டொக்குன்னு குத்திக்கிட்டே இருக்கணும்.

பாண்டியம்மாள்: இதென்னய்யா ஆசை?

சுருளியாண்டி: குமுளிக்கும் கம்பத்துக்கும் நின்னுக்கிட்டே போய்ட்டு வாரவனுக்குத்தான் தெரியும் அக்கா. உக்காந்து பாக்குற வேலைன்னாலே ராசா உத்தியோகம்.

நல்லகண்ணு: ஏலே சுருளி, நானும் உக்காந்துதான பாக்குறேன். இந்தா, ஸ்டியரிங்கைப் பிடி. நான் அங்கன வந்து டிக்கெட் கிழிக்கிறேன்.

சுருளியாண்டி: என் கையில ஸ்டியரிங்கைக் குடுத்தீகன்னா, பின்னால இருக்க சனம் பூராம் எறங்கி நடந்துரும்ண்ணே.

பாண்டியம்மாள்: மெதுவாப் பேசு தம்பி. எம்மக இப்பத்தான் கண்ணசந்தா.

நல்லகண்ணு: தலைப்பிரசவமாக்கும்?

பாண்டியம்மாள்: ஆமாய்யா. குமுளியில கட்டிக் குடுத்தது. ஓடைப்பட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன். மாசக் கடைசியில ஆகும்னு டாக்டரம்மா சொன்னாக.

நல்லகண்ணு: அப்பப் பூப்போல எறக்கி விட்ருவோம். கவலைப்படாதீக.

பாண்டியம்மாள்: சரி, நீங்க சொல்லுங்க டிரைவர் தம்பி. உங்களுக்கு எந்த வேலை மேல ஆசை?

நல்லகண்ணு: எனக்கா... எனக்கு வந்து...

சுருளியாண்டி: என்னண்ணே, பாதியில நிப்பாட்டிட்டீக?

நல்லகண்ணு: சுருளி, கிட்ட வா... சவிட்டீட்டு பிடிக்குன்னில்லா.

சுருளியாண்டி: எந்தா?

நல்லகண்ணு: ஒட்டும் பிடிக்குன்னில்லா. ஆரோடும் பறயண்டா.

சுருளியாண்டி: ஐயோ... ஹேண்ட் பிரேக்கோ?

நல்லகண்ணு: பகுதியே உள்ளூ.

பாண்டியம்மாள்: என்னப்பா, ரெண்டு பேரும் திடீர்னு மலையாளத்துல எறங்கிட்டீக?

சுருளியாண்டி: அது... ஒண்ணுமில்லக்கா. குமுளியில சேச்சி கடையில அண்ணன் துண்டை மறந்து வச்சுட்டு வந்துட்டாராம்.

பாண்டியம்மாள்: துண்டுதான, போனாப் போகுது. ஆசையைச் சொல்லாம விட்டீகளே, தம்பி.

சுருளியாண்டி: அவரை விடுங்கக்கா. வளைவு வருது...

பாண்டியம்மாள்: வளைவு அது பாட்டுக்கு வரட்டும். நீங்க சொல்லுங்க தம்பி. நிதானமாச் சொல்லுங்க.

நல்லகண்ணு: தேக்கடியில படகு ஓட்டணும்க்கா.

பாண்டியம்மாள்: படகா?

நல்லகண்ணு: ஆமா. தண்ணியில ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்னு இல்ல. எஞ்சினை நிப்பாட்டுனா அது பாட்டுக்கு நிக்கும்.

பாண்டியம்மாள்: ஆனை தண்ணி குடிக்க வருமே.

நல்லகண்ணு: வரட்டும். பாத்துக்கிட்டே கிடப்பேன்... சுருளி, நிக்கிற சனத்தை உக்காரச் சொல்லு.

சுருளியாண்டி: ஏம்ப்பா, நிக்கிறவுக எல்லாம் கீழ உக்காருங்க. ஆமாய்யா, தரையிலதான். செக்கிங் நிக்கிதாம். தலை தெரியக் கூடாது.

பாண்டியம்மாள்: தம்பி, பின்னால ஒரு பெரியவர் கேக்குறாக. வண்டி ஏன் இந்த உறுமு உறுமுதுன்னு.

நல்லகண்ணு: கியரைக் குறைச்சிருக்கேன்க்கா. பிள்ளைத்தாச்சி இருக்கால்ல, மெதுவாப் போவோம்னு.

பாண்டியம்மாள்: கேட்டீகளாய்யா? எம்மகளுக்காகத்தான் மெதுவா வாராகளாம். நீங்க வெத்தலையைப் போடுங்க.

சுருளியாண்டி: நீங்க மட்டும் இன்னும் சொல்லலையேக்கா.

பாண்டியம்மாள்: சொன்னாச் சிரிப்பீக.

நல்லகண்ணு: சொல்லுங்க. இப்பச் சிரிச்சா நல்லாருக்கும்.

பாண்டியம்மாள்: அந்தா, மலையில பெரிய பெரிய குழாயா எறங்குது பாருங்க. அந்தத் தண்ணி போய் விழுற பவர் ஹவுசுல பட்டன் அமுக்குற வேலை.

சுருளியாண்டி: பட்டனா?

பாண்டியம்மாள்: வெளக்கு வைக்கிற நேரம் நான் போய் ஒரு பட்டனை அமுக்கணும். கூடலூர்ல எரியணும், கம்பத்துல எரியணும், சின்னமனூர்ல எரியணும். ஓடைப்பட்டியில எங்க ஓரகத்தி வீட்டுல மட்டும் கொஞ்சம் பொறுத்து எரியணும்.

நல்லகண்ணு: அந்தம்மா என்ன பாவம் பண்ணுச்சு?

பாண்டியம்மாள்: எம்மகளுக்கு மலையில மாப்பிள்ளை பாத்தப்ப, பிள்ளையை அட்டைக்கடிக்கா அனுப்புறன்னு கேட்டா. செத்த நேரம் இருட்டுல உக்காரட்டும்.

சுருளியாண்டி: அண்ணே... லாரி. கீழ இருந்து ஏறி வாரான்.

நல்லகண்ணு: பாத்துட்டேன்.

சுருளியாண்டி: மரம் ஏத்துன லாரி. சரியா வளைவுல வந்து நம்மளைப் பிடிப்பான்.

நல்லகண்ணு: பாத்துட்டேன்லே.

பாண்டியம்மாள்: ஹாரனை விடாம அடிக்கிறதைப் பாத்தா, லாரிக்காரர் தெரிஞ்சவுக போல?

நல்லகண்ணு: ஆமாக்கா. ரொம்ப வேண்டியவன்.

சுருளியாண்டி: ஒதுங்குய்யா... ஒதுங்கு சாமி... ஒதுங்கிட்டான். அண்ணே, ஒதுங்கி நின்னுட்டான்.

நல்லகண்ணு: அவன் பிள்ளைகுட்டி நல்லாருக்கட்டும்.

பாண்டியம்மாள்: நல்லாருக்கட்டும்.

நல்லகண்ணு: பேசிக்கிட்டே வாங்கக்கா. உங்க பேச்சு காதுல விழுந்தா எனக்கு நிதானமா இருக்கு.

பாண்டியம்மாள்: இன்னும் என்னத்தப் பேச?

நல்லகண்ணு: பொறக்கப் போற பிள்ளைக்கு என்ன வேலை வாங்கிக் குடுக்கலாம்னு சொல்லுங்க.

பாண்டியம்மாள்: அதைப் பொறந்து அதுவே சொல்லட்டும் தம்பி. நல்லபடியாப் பொறக்கட்டும், அம்புட்டுத்தான்.

நல்லகண்ணு: படகு ஓட்டணும்னு சொன்னேன்ல, அது சும்மா. சின்னதுல எங்கய்யா கூட மாட்டு வண்டியில சந்தைக்குப் போவேன். இந்த மலை பஸ்ஸு புழுதியைக் கிளப்பிக்கிட்டுத் தாண்டிப் போகும். அந்தப் புழுதியைக் கூடத் தொடைக்க மாட்டேன். காசே குடுக்கலைன்னாலும் இந்த வேலைக்குத்தான் வந்திருப்பேன். குடுத்து வச்சவன்க்கா நான். என்னமோ இப்பச் சொல்லணும்னு தோணுது.

சுருளியாண்டி: அதெல்லாம் கீழ போய்ச் சொல்லலாம்ண்ணே.

நல்லகண்ணு: கீழ போனாக் கூச்சமாப் போயிரும்லே.

சுருளியாண்டி: அண்ணே, அடிவாரம் வந்துருச்சு, லோயர் கேம்ப்பு. இடது பக்கம் பாருங்க, ரோட்டு வேலைக்கு மணல் கொட்டிருக்காக.

நல்லகண்ணு: அதுல விட்டு ஏத்துறேன். எல்லாரையும் கம்பியப் பிடிக்கச் சொல்லு. அக்கா, மகளை அணைச்சுப் பிடிச்சுக்கங்க.

பாண்டியம்மாள்: பூமாரி, எந்திரி தாயி. எம்மேல சாஞ்சுக்க. ஒண்ணுமில்ல, டீ குடிக்க நிப்பாட்டப் போறாக.

சுருளியாண்டி: பிடிச்சுக்கங்க... பிடிச்சுக்கங்க... ஏறிருச்சு. நின்னுருச்சுண்ணே. வண்டி நின்னுருச்சு.

நல்லகண்ணு: யாருக்கும் ஒண்ணுமில்லையே?

சுருளியாண்டி: ஒரு தேங்கா மூடை சாஞ்சுருச்சு. வேற ஒண்ணும் இல்ல... ஏம்ப்பா, எல்லாரும் எறங்குங்க. மணல்ல டயரு மாட்டிக்கிருச்சு. டீ குடிக்கிறவுக குடிங்க, அடுத்த வண்டியில ஏத்தி விடுறேன்.

நல்லகண்ணு: சுருளி, இந்தக் கையைக் கொஞ்சம் எடுத்து விடுறியா? ஸ்டியரிங்கை விட்டு வர மாட்டேங்குது.

பாண்டியம்மாள்: நீ போய்ச் சனத்தைப் பாரு, கண்டக்டர் தம்பி. நான் எடுத்து விடுறேன்... விரலை விடுங்க தம்பி. ஒவ்வொண்ணா விடுங்க. ஆங்... இந்தாங்க, இந்தத் தண்ணியைக் குடிங்க.

நல்லகண்ணு: மக எங்கக்கா?

பாண்டியம்மாள்: அந்தா, புளிய மரத்தடியில உக்காந்து சோடா குடிக்கிறா. நல்லாருக்கா.

நல்லகண்ணு: உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாங்க மறைச்சுட்டோம். துண்டை மறந்தேன்னது பொய். செக்கிங்கும் பொய். அந்த லாரிக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாது. மேல வாரப்பவே பிரேக்கு சுத்தமாப் போயிருச்சுக்கா. சனம் பதறி எந்திரிச்சு ஒரு பக்கமாச் சாஞ்சா வண்டி பள்ளத்துக்குள்ள போயிரும்னுதான் வாயைத் திறக்கல. பிள்ளைத்தாச்சியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாம, பட்டன் அமுக்குறேன், வெளக்கு எரியணும்னு நீங்க பேசிக்கிட்டு வந்தீக.

பாண்டியம்மாள்: நான் வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சு வளந்தவ, தம்பி. எனக்கா மலையாளம் புரியாது? பிடிக்குன்னில்லான்னு நீங்க சொன்னதுமே கத்துறதுக்கு வாயைத் தொறந்துட்டேன். தூங்குறான்னு நான் நெனச்ச எம்மக கண்ணைத் தொறக்காமலே என் கையைப் பிடிச்சு அமுக்கி, மெல்ல சொன்னா: "அந்த அண்ணனைப் பேச வச்சுக்கிட்டே இரு ஆத்தா."