இடது காதில் இரண்டு சொட்டு

வெந்நீரை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். பதமாக விளாவத் தெரிய வேண்டும். என் அக்கா அனந்தலக்ஷ்மிக்கு அது தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு எண்ணெய் தேய்த்து, உடம்பு சிலிர்க்காமலும் சுடாமலும் ஒரே பதத்தில் தண்ணீர் விட்டுக் குளிப்பாட்டுவாள். எனக்கு இப்போது இருபத்தொன்பது வயது. அக்கா குளிப்பாட்டிவிடும் வயதா என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். நீங்கள் மட்டாஞ்சேரிக்காரர் இல்லை, அதனால் உங்களிடம் சொல்வதில் வம்பில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் அக்காவைப் பெண் பார்க்கத் திருப்பூணித்துறையிலிருந்து வந்தார்கள். அவளுக்கு இருபது, எனக்குப் பதினாலு. வீட்டிலிருந்த ஒரே நல்ல பட்டுப் புடவையை அன்று காலை நான் சுற்றிக்கொண்டு, படகுத்துறை வரை போய் நாலு பேர் பார்க்க நின்றுவிட்டு வந்தேன். அங்கே ஒருவன் சாளை மீன் கூடையை இறக்கினான். கூடைத் தண்ணீர் முந்தானையில் கொட்டியது. புடவையைச் சத்தமில்லாமல் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அக்கா அதை எடுத்து உதறியபோது, வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வேறு புடவை இல்லை. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினாள். பஜ்ஜி ஆறுவதற்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அக்கா என்னை அறைந்தாள். இடது காதோடு சேர்த்து, ஒன்றே ஒன்று. அந்த அடியில் நியாயம் இருந்தது. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

எட்டு நாள் அந்தக் காதில் ‘ஙொய்’ என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை, இடது பக்கத்து ஓட்டின் மேல் காக்கை கரைந்தது தெளிவாகக் கேட்டது. சொல்லிவிட வாயைத் திறந்தேன். அப்போது அக்கா முதல் டிகாக்‌ஷன் காபியை அப்பாவுக்குக் கொடுக்காமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். அழுதழுது அவள் கண் வீங்கியிருந்தது. திறந்த வாயால் காபியைக் குடித்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

குற்ற உணர்ச்சி என்று புத்தகங்களில் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘மனசு உறுத்தறது’ என்பாள் அக்கா, அதுவும் அபூர்வமாக. ஆனால் அந்தச் சமாசாரம் எங்கள் வீட்டில் தினமும் புழங்கியது. முதல் காபி அது. அடையில் முறுகலான ஓரம் அது. மழைநாளில் ஒழுகாத மூலையில் விரித்த பாய் அது. அக்காவுக்கு மனசில் இருந்தது, எனக்குத் தட்டில் வந்தது. ஒரே பொருளை இரண்டு பேர் இவ்வளவு ஒற்றுமையாகப் பங்கிட்டுக்கொண்ட வீடு எங்கள் தெருவில் வேறு இல்லை.

அடுத்த வருஷம் வலது காதையும் பாதி மந்தமாக்கிக்கொண்டேன். அவசியம் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் என்னைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். எறணாகுளத்து டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டி இடது காதருகே பிடித்தார். கோயில் மணி போல இனிமையாக ஒலித்தது. உதட்டைப் பிதுக்கினேன். நரம்பு போய்விட்டது என்றார். படித்தவர், அவர் சொல்லை நான் எப்படி மறுப்பது.

காது கேளாதவளாக இருப்பதில் ஒரு சௌகரியம், உலகம் முழுவதும் காதில் விழும். பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னாள்: “செவி கேக்கில்லெங்கிலும் ஈ குட்டிக்கு வயறு நல்லோணம் கேக்கும்.” காது கேட்காவிட்டாலும் இந்தப் பெண்ணுக்கு வயிறு நன்றாகக் கேட்கிறதாம். நானும் அவளைப் பார்த்துச் சிரித்தேன். இவ்வளவு பொறுமை உங்களில் எத்தனை பேருக்கு உண்டு?

அப்பா ஐம்பத்தெட்டில் போனார். கடைசி நாட்களில் மூச்சு வாங்கும்போதும் எனக்காகக் கத்தித்தான் பேசினார். அவருக்கு அது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எண்ணெய் தேய்க்குமுன் அக்கா என்னை மடியில் சாய்த்துக்கொள்வாள். வலது காது அவள் தொடையில் பதிந்து அடைபட்டிருக்கும். இடது காது மேலே பார்த்திருக்கும். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயில் இரண்டு சொட்டு அதில் விடுவாள். அது ஊறும் வரை அந்தக் காதிடம் பேசுவாள். செத்த காது என்று நம்பியதால் எல்லாவற்றையும் பேசுவாள். முதலில் மன்னிப்பு. அது வாராவாரம் ஒன்றுதான். பிறகு மற்றவை.

அப்படித்தான் சிவராமகிருஷ்ணனைப் பற்றித் தெரிந்தது. அப்பாவின் சிநேகிதர் மகன். வில்லிங்டன் தீவில் தேயிலைக் கிடங்கு ஒன்றில் எழுத்தர். அக்கா எறணாகுளத்தில் பள்ளிக்கூட டீச்சர். இருவரும் ஒரே படகில் போய்வந்தார்கள்.

“அவர் கேட்டுட்டார் லோகு,” என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை. “என்னைக் கல்யாணம் பண்ணிக்கறயான்னு கேட்டார். மாட்டேன்னுட்டேன். நோக்கு ஒரு வழி ஆகாம நான் எங்கேடீ போறது? என் கையால வந்ததாக்கும் இது.” என் தலையில் கை வைத்துக்கொண்டே அழுதாள். எண்ணெய் நன்றாக ஊறியது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓடியது. சிவராமகிருஷ்ணன் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். அறுபத்தொன்றில் ஒருநாள், என் இடது பக்கம் உட்கார்ந்து, தன் மேலாளர் படகிலேயே தூங்கிப்போய், வைப்பின் தீவுக்கும் எறணாகுளத்துக்குமாக மூன்று நடை போய்வந்த கதையை அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார். மனிதர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். அக்கா சிரிப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை மதில் மேல் ஒரு பூனை இருந்தது. அதைக் கையால் காட்டி இன்னும் கொஞ்சம் சிரித்தேன். பூனை பாவம், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா எண்ணெய் விட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“லோகு, நோக்குக் கேக்கறதுன்னா என் கையை மட்டும் கொஞ்சம் அமுக்கு. நான் கோபிக்க மாட்டேன். குருவாயூரப்பன் ஆணை, கோபிக்கவே மாட்டேன். ஞாயித்துக்கிழமை அவர் கல்கத்தாவுக்கு மாத்தலாகிப் போறார். நோக்குச் சரியாயிடுத்துன்னு தெரிஞ்சா இன்னிக்கே போய் அவர்கிட்ட சரின்னுடுவேன். கேக்கறதோடீ?”

நான் யோசிக்காமல் இல்லை. கையை அமுக்கினால், எட்டு வருஷம் வீணாக அழுதோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கூடப் பிறந்தவளுக்கு அந்த வேதனையை எப்படிக் கொடுப்பது? தவிர, அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கல்கத்தாவிலும் வரும், மட்டாஞ்சேரியிலும் வரும். அக்கா ஒருத்திதான்.

அவள் நூறு எண்ணும் நேரம் காத்திருந்தாள். என் கை துணி மாதிரிக் கிடந்தது. இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பிறகு எண்ணெய்க்கு மேல் இன்னும் ஏதோ காதில் விழுந்தது. எண்ணெயை விடச் சூடாக இருந்தது. “பாவி நான். காது கேக்காத குழந்தையைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே. இதை எங்கே கொண்டு தொலைப்பேன்?” என்றாள்.

ஆக, எனக்குக் கேட்டது. ஒன்பதாம் நாள் காக்கையிலிருந்து அன்றைய கேள்வி வரை ஒரு சொல் விடாமல் கேட்டது. அவள் என்னை அடித்தது ஒரு தரம். நான் அவளை அடித்துக்கொண்டிருப்பது பதினைந்து வருஷமாக, கையை ஓங்காமலே. இன்று வெள்ளிக்கிழமை. வெந்நீர் அடுப்பில்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ரயிலடிக்குப் போகவில்லை. அவர் ரயில் புறப்படும் நேரத்துக்கு, என்னைச் சந்தேகப்பட்ட பாவத்துக்குப் பரிகாரமாக, உருளியில் பால் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். முதல் கிண்ணம் எனக்கு. சர்க்கரை ஏகத்துக்குத் தூக்கல், இரண்டு வாயில் திகட்டிவிட்டது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவள் மனசு கஷ்டப்படும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.